அப்பா கையெழுத்துப் போடாத பாட்டு

[கறுப்புத் திரை. இசைத்தட்டில் ஊசி இறங்கும் ஒலி.]

எடுத்த எடுப்பிலேயே ஒரு கூவல்: 'நில்லுங்கள்!' தெருக்கோடியைத் தாண்டிவிட்ட தபால்காரரைத் திண்ணையிலிருந்து கூப்பிடுகிற குரல். பின்னாலேயே டிரம்ஸும் கைதட்டலும் ஓடிவருகின்றன.

'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்', 1961. பாடியவர்கள் மார்வெலெட்ஸ் குழுவினர்.

[காட்சி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநில வரைபடம். டெட்ராயிட்டுக்கு மேற்கே ஒரு புள்ளி.]

இங்க்ஸ்டர் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் கிளாடிஸ் ஹார்ட்டன் தோழிகளைச் சேர்த்துத் தொடங்கிய குழு இது. முதலில் வைத்துக்கொண்ட பெயர் 'காசின்யெட்ஸ்'. 'இன்னும் பாடத் தெரியாது' என்பதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் வரும் ஒலி! பள்ளிப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. ஆனாலும் ஓர் ஆசிரியை பரிந்து பேசியதால், டெட்ராயிட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் பாடிக்காட்ட வாய்ப்புக் கிடைத்தது. பாட்டுப் பிடித்திருந்தது, சொந்தமாக ஒரு பாட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

குழுவில் ஒருவரான ஜார்ஜியா டாபின்ஸ், நண்பர் வில்லியம் காரெட்டிடம் போய் நின்றார். அவர் கையில் கடிதத்துக்காகக் காத்திருப்பதைப் பற்றிய ஒரு ப்ளூஸ் பாட்டு, அதாவது கறுப்பின மக்களின் சோகப் பாட்டு வகையில் ஒன்று, இருந்தது. தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே இரவில் மற்ற எல்லாவற்றையும் மாற்றி எழுதினார் ஜார்ஜியா. ஒப்பந்தம் வந்தபோது அவருடைய அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். எழுதியவர் விலக, அந்த இடத்துக்கு வாண்டா யங் வந்தார்.

[காட்சி: டெட்ராயிட், மேற்கு கிராண்ட் பூல்வார்டில் ஒரு சாதாரண வீடு. முகப்பில் 'ஹிட்ஸ்வில்' பலகை.]

இந்த வீட்டுக்குள்தான் மோடவுனின் ஸ்டுடியோ. பிரையன் ஹாலண்டும் ராபர்ட் பேட்மனும் பாட்டைச் செதுக்கினார்கள். உடன் எழுதிய ஃப்ரெடி கார்மன் பிழைப்புக்குத் தபால் பட்டுவாடா செய்தவர், நிஜமான போஸ்ட்மேன்! டிரம்ஸ் வாசித்த இளைஞர் மார்வின் கே. பாடகராக அவரை உலகம் இன்னும் அறிந்திருக்கவில்லை.

[கிட்டாரில் நான்கு கார்டுகள் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டும் ஒலிகள்), மெதுவாக.]

சி, ஏ மைனர், எஃப், ஜி. குரல்களையே பின்னணியாக அடுக்கிப் பாடும் அக்கால டூவாப் பாட்டுகளில் தேய்ந்துபோன வரிசைதான். ஆனால் இங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பாட்டில் கதை நகர்வதில்லை. கடிதம் வருவதே இல்லை. கார்டு வரிசையும் அப்படியே, வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருப்பவளைப் போலப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. அதன் மேல் கிளாடிஸின் லேசாகக் கரகரக்கும் குரல். தேர்ந்த பாடகி கெஞ்சியிருந்தால் அது நடிப்பாகியிருக்கும். இந்தப் பதின்வயதுக் குரலில் இருப்பது அவசரம்.

1961 டிசம்பரில் பில்போர்டு இதழ் வெளியிடும் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான ஹாட் 100 பட்டியலில் முதலிடம். மோடவுனுக்கு அங்கே கிடைத்த முதல் முதலிடம் இதுதான். 1963-ல் பீட்டில்ஸ் பாடினார்கள். 1975-ல் கார்பென்டர்ஸ் பாடி மறுபடியும் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

[காட்சி: முதல் இசைத்தட்டு. நடுவிலுள்ள காகித லேபிள், மிக அருகில்.]

எழுதியவர்கள் பெயரைப் பாருங்கள்: டாபின்ஸ், காரெட், பிரையன்பெர்ட். கடைசிப் பெயர் பிரையனையும் ராபர்ட்டையும் ஒட்டவைத்தது. போஸ்ட்மேன் கார்மனின் பெயர் அதில் இல்லை. வீட்டைத் தாண்டவிடப்படாத ஜார்ஜியாவின் பெயர்தான் முதலில் நிற்கிறது.

[ஊசி தூக்கப்படுகிறது.]