தும்பிக்கை எழுத்தும் ஒற்றைப் புள்ளியும்

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. திருச்சியில் இருக்கிறேன், பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. எனக்கு ஆட்டிசம் இருப்பது, அதாவது பிறரோடு பழகுவதும் ஒலி, ஒளி போன்றவற்றை உணர்வதும் பிறவியிலேயே மற்றவர்களிடமிருந்து வேறாக இருப்பது, 38 வயதில்தான் தெரிய வந்தது. இந்த உரையை எழுதி வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். குரலில் ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தால் அக்கறை இல்லாமல் பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். என் குரலே அப்படி.

சின்ன வயதில் தெருவில் போகிற யாராவது, "என்ன பாப்பா, சாப்டாச்சா?" என்று கேட்பார்கள். நான் நின்று, எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், என்ன குழம்பு, யார் பரிமாறினார்கள் என்று சொல்லத் தொடங்குவேன். அதற்குள் கேட்டவர் நாலு வீடு தாண்டியிருப்பார். அது கேள்வியே இல்லை, கைகூப்புவது மாதிரி ஒன்று என்று மற்ற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு ஏன் பதிலுக்கு நிற்காமல் போகிறார்கள் என்று பல நாள் அழுதிருக்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நெற்றிப் பொட்டைப் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவர் சிரித்தால் சிரிக்க வேண்டும். பழைய அச்செழுத்துகளைப் பற்றிப் பேச ஆசை வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போய் இதையெல்லாம் மூன்று மணி நேரம் சரியாகச் செய்துவிட்டு வந்தால், வீட்டில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, மறுநாள் மதியம்வரை இருட்டில் படுத்திருப்பேன். "எல்லோரிடமும் நல்லாத்தானே பேசினே, அப்புறம் என்ன?" என்பாள் அம்மா. நல்லாப் பேசியதால்தான் படுத்துக்கிடந்தேன்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு செல்பேசியில் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். 14 பேர். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்கள், எல்லோரும் தமிழில் எழுதுகிறவர்கள். கோயம்புத்தூர், திருநெல்வேலி, மட்டக்களப்பு, டொராண்டோ என்று ஆளுக்கொரு ஊர். மூன்று நாள் ஒன்றும் எழுதாமல் படித்துக்கொண்டே இருந்தேன். யாரும் "ஏன் பேசவில்லை?" என்று கேட்கவில்லை. நான்காம் நாள் இரவு, அடக்கி வைத்திருந்ததை எழுதிவிட்டேன். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ணா, றா, னா முதலான 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அவற்றில் ணை, லை, ளை, னை நான்கும் அதற்கு முன்பு யானைத் தும்பிக்கை போலத் தலைமேல் வளைந்த கொம்போடு இருந்தன. எனக்கு அந்தத் தும்பிக்கை என்றால் உயிர். அதைப் பற்றி ஏழு பெரிய பத்திகள் எழுதி அனுப்பிவிட்டு, கை நடுங்க, செல்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

காலையில் எடுத்துப் பார்த்தால், கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி, அவருடைய தாத்தாவின் கல்யாணப் பத்திரிகையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். 1961ஆம் வருடத்துப் பத்திரிகை. மஞ்சள் தடவிய ஓரம் பழுப்பேறியிருந்தது. கீழே ஒரு கேள்வி: "அக்கா, இதில் 'பிள்ளை'யில் தும்பிக்கை இருக்கிறது. 'அழைப்பிதழ்' என்பதில் ழை மட்டும் இன்றைக்கு எழுதுகிற மாதிரியே இருக்கிறதே, ஏன்?"

என் வாழ்நாளில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்கு இருவரும் ஆறு மணி நேரம் பழைய அச்சுப் பக்கங்களைத் தேடித் தேடி அனுப்பிக்கொண்டோம். நடுவில் அவர், "பட்டறையில் வேலை வந்துவிட்டது" என்று எழுதிவிட்டு மறைந்தார். நாலு மணி நேரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

எங்கள் குழுவில் இன்னொரு வழக்கம் உண்டு. சில நாள் ஒருவருக்குச் சொற்களே வராது. அப்போது அவர் ஒரே ஒரு புள்ளி வைப்பார். இருக்கிறேன், இன்றைக்குப் பேச முடியாது என்று பொருள். மற்றவர்களும் பதிலுக்கு ஒரு புள்ளி வைப்போம். சில இரவுகளில் குழு முழுக்கப் புள்ளிகள்தான் இருக்கும். நான் அறிந்த மிக ஆறுதலான உரையாடல் அது.

மட்டக்களப்பில் இருக்கும் ஓர் இளைஞருக்கு வாய்ப்பேச்சு கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் முன்னாலேயே அவருடைய அம்மாவிடம், "இவருக்கு ஏதும் விளங்குமோ?" என்று கேட்பார்களாம். அதே இளைஞர்தான் எங்களில் வேகமாகத் தட்டச்சு செய்கிறவர். நகைச்சுவையும் அவருக்குத்தான் அதிகம். தட்டச்சில் யாரும் அவரைத் தாண்டி அம்மாவிடம் பேச முடியாது.

சண்டையே வராது என்று சொன்னால் பொய். நீளமாக எழுதினால் ஒருவருக்குப் படிக்க முடியாது. குரல் பதிவு அனுப்பினால் இன்னொருவருக்குக் காது தாங்காது. இதற்காக இரண்டு பேர் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, குரலில் அனுப்புகிறவர் அதன் சாரத்தை இரண்டு வரி எழுதியும் அனுப்ப வேண்டும் என்று முடிவானது. எங்களுக்கும் எங்களுக்குமே இடைவெளி உண்டு; ஆனால் இங்கே அதை வாய்விட்டுச் சொல்லலாம்.

இப்படிக் கூடியதில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. 1992இல் ஜிம் சின்கிளேர், டோனா வில்லியம்ஸ், கேத்தி கிராண்ட் என்ற ஆட்டிசம் உள்ள மூவர் ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994இல் அது மின்னஞ்சல் குழுவாக வளர்ந்தது. 1996இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் டெக்கர் இன்னொரு மின்னஞ்சல் குழு தொடங்கினார். இப்படி எழுத்தில் பழகியவர்கள் நேரில் கூடியபோது, வண்ண அட்டை அணியும் வழக்கம் வந்தது. சிவப்பு என்றால் என்னிடம் இப்போது பேச வேண்டாம். மஞ்சள் என்றால் ஏற்கெனவே பழகியவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் பேச ஆசை, ஆனால் தொடங்கத் தெரியவில்லை, நீங்கள் தொடங்குங்கள். நம் கல்யாண மண்டப வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தட்டு இருந்தால், நான் பச்சை அட்டையைக்கூட எடுப்பேன்.

2012இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். புரியாமை ஒரு பக்கக் குறை இல்லை. இரு தரப்பும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள் என்றார். 2020இல் வெளிவந்த எடின்பரோ ஆய்வு ஒன்றில், ஒரு கதையை எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் ஒரே அளவுக்குக் கதையைக் கொண்டுசேர்த்தன. கலந்து நின்ற வரிசையில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 300க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2025இல் வெளியான பெரிய ஆய்வில், கலந்த வரிசையும் மற்றவற்றுக்கு இணையாகவே கடத்தியது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கல்யாணத்தில் நானும் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் இருட்டில் படுக்க வேண்டியிருந்தது என்பதுதான் என் கேள்வி.

வீட்டில் ஆட்டிசம் உள்ள, வளர்ந்த பிள்ளை இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "எந்நேரமும் போனுக்குள்ளேயே கிடக்காதே, வெளியே போய் நாலு மனுஷங்ககிட்ட பேசு" என்று சொல்லும் முன், உள்ளே யாரிடம் பேசுகிறான், என்ன பேசுகிறான் என்று உட்கார்ந்து கேளுங்கள். அந்த நாலு மனுஷர்கள் அங்கேயே இருக்கக்கூடும். முன்பின் தெரியாதவர்களிடம் எச்சரிக்கை வேண்டும், பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் சரி. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது போலச் சொல்லுங்கள்.

இங்கே வானொலியில் பேச அழைப்பு வந்ததும் குழுவில் சொன்னேன். வாழ்த்துவதற்கு முன் அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி கேட்டார்: "அக்கா, அறையில் ஏசி இரையுமா? நாற்காலி சுழலுமா? எத்தனை நிமிடம்? விளக்கு எரிந்ததும் உடனே தொடங்க வேண்டுமா, மூச்சு விட்டுக்கொள்ளலாமா?" அவற்றை அப்படியே நிலையத்தாருக்கு அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் எழுதியிருந்தார்கள். ஏசியை நிறுத்திவிட்டுத்தான் இந்த ஒலிப்பதிவு நடக்கிறது. ஒலிபரப்பாகும்போது குழுவில் எல்லோரும் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று இரவு எனக்குச் சொல் வராது. ஒரு புள்ளி வைப்பேன்.

நன்றி. வணக்கம்.