கல்யாணம் பண்ணா சாக்லேட் சிஸ்ட் போயிடுமா?

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. 24 வயசுப் பொண்ணு, ஸ்கேன்ல சாக்லேட் சிஸ்ட்னு வந்திருக்கு, அதாவது சினைப்பையில பழைய ரத்தம் தேங்கின கட்டி. காரணம் எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பையோட உள்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியில வளர்ற நோய். "கல்யாணம் பண்ணி ஒரு குழந்தை பெத்துக்கிட்டா சரியாயிடும்னு டாக்டர் சொல்றாங்க, வீட்ல ஜாதகத்தை எடுத்துட்டாங்க, உண்மையாக்கா?"ன்னு கேட்டிருக்காங்க.

உண்மை இல்லம்மா. நான் டாக்டர் இல்ல, உங்களுக்குத் தெரியும். ஆனா ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவ நிபுணர்கள் 2022-ல போட்ட வழிகாட்டுதல்லயே இருக்கு, இந்த நோய்க்கு மருந்தா மட்டும் கர்ப்பமாகச் சொல்லாதீங்கன்னு. கர்ப்ப காலத்துல மாதவிடாய் நிக்கும், அதனால சிலருக்கு வலி குறையும். எல்லாருக்கும் குறையாது, குறைஞ்சவங்களுக்கும் திரும்ப வரலாம். ஜாதகத்தை உள்ள வைக்கச் சொல்லுங்க.

சரி, இந்தப் பேச்சு எங்கேருந்து வந்துச்சு? 1940-கள்ல பாஸ்டன்ல மெய்க்ஸ்னு ஒரு டாக்டர். பொண்ணுங்க லேட்டா கல்யாணம் பண்றதாலதான் இது வருதுன்னு எழுதினார். அது அப்படியே தங்கிடுச்சு. வேலைக்குப் போற பெண்களோட வியாதின்னே பேர் வச்சாங்க. காசு இருந்து, டாக்டர்கிட்ட போக முடிஞ்சவங்களுக்குத்தான் கண்டுபிடிச்சாங்கங்கறது யாருக்கும் தோணல.

நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொண்ணு இருக்கு. உலகத்துல சுமார் 19 கோடிப் பேருக்கு, குழந்தை பெறும் வயசுல பத்துல ஒருத்தருக்கு இருக்கிற நோய். இதுக்கு ஏன் இன்னும் உருப்படியா ஒரு பதில் இல்ல?

திரும்பவும் எலிக்கே வர்றேன். ரெகுலரா பாக்கறவங்க சிரிப்பீங்க. எலிக்கு மாதவிடாய் வராது! மருந்து ஆராய்ச்சி முக்கால்வாசி எலியை வச்சுத்தான் நடக்குது, அதுக்கு இந்த நோய் தானா வரவே வராது. அதனால கர்ப்பப்பைலேருந்து ஒரு துண்டை எடுத்து அதோட வயித்துக்குள்ளயே தைச்சு வச்சு, "இதான் எண்டோமெட்ரியோசிஸ்"னு வச்சுக்குவாங்க. ஒரு வகைச் சுண்டெலிக்கு மாதவிடாய் வருதுன்னு ஆஸ்திரேலியாவுல கவனிச்சதே 2016-லதான். அதுவரைக்கும் யாரும் பாக்கலயான்னா, பாக்கணும்னு தோணல.

பணமும் அப்படித்தான். அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு என்ஐஹெச் 2022-ல இதுக்குக் கொடுத்தது சுமாரா 1.6 கோடி டாலர். நோயாளி தலைக்கு ரெண்டு டாலர். குரோன்ஸ்னு ஒரு குடல் நோய், அங்க அதைவிட ரொம்பக் குறைவான பேருக்குத்தான் இருக்கு, அதுக்குத் தலைக்கு 130 டாலர். குரோன்ஸ்காரங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்களுக்கும் வேணும்.

இருக்கிற காசுல என்ன ஆராய்ச்சி பண்ணாங்கன்னு கேளுங்க. 2013-ல இத்தாலியில 300 பெண்களை வச்சு ஒரு ஆய்வு. தீவிரமான எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிற பெண்கள் மத்தவங்களைவிட அழகா இருக்காங்களான்னு! நான் ஜோக் அடிக்கல. பெரிய மருத்துவ இதழ்ல வந்துச்சு, திரும்பப் பெற்றது 2020-ல. ஏழு வருஷம்.

எங்க பெரியம்மா பொண்ணு ஒருத்தி, எனக்கு அக்கா. 14 வயசுலேருந்து மாசாமாசம் சுருண்டு படுத்துக்குவா. "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்"னு வெந்தயத்தை மோர்ல போட்டுக் கொடுப்பாங்க. மூணு தடவை ஸ்கேன், மூணும் நார்மல். ஒரு டாக்டர் "மனசுதான் காரணம்"னு அனுப்பிட்டாங்க. 25 வயசுல வேற ஒரு லேடி டாக்டர், படுக்க வச்சு டாப்ஸைத் தூக்கிப் பார்த்திருக்காங்க. அடிவயித்துத் தோல்ல வலை பின்னுன மாதிரி பழுப்புக் கோடு, ரொம்ப நாள் சூடு பட்டா வர்றது. "எவ்வளவு நாளா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கறே?"ன்னு கேட்டாங்களாம். அவ அழுதுட்டா. அப்புறம் வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாக்கற லேப்ராஸ்கோப்பி பண்ணப்போ கர்ப்பப்பையும் குடலும் ஒட்டிக் கிடந்துச்சு.

அதனால தங்கச்சி, அடுத்த தடவை போறப்போ வெறும் "வலிக்குது"ன்னு சொல்லாதீங்க. எந்தெந்த நாள், மலம் போகறப்போ வலிக்குதா, யூரின் போகறப்போ வலிக்குதா, எத்தனை நாள் லீவு போட்டீங்க, எல்லாத்தையும் தேதியோட எழுதிட்டுப் போங்க. குழந்தை இப்ப வேணாம், வலிக்கு என்ன வழின்னு நேராவே கேளுங்க, ஹார்மோன் மாத்திரைங்க இருக்கு. அவங்களும் கல்யாணத்துலயே வந்து நின்னா வேற டாக்டரைப் பாருங்க.

அடுத்த கேள்வி தைராய்டு பத்தி. இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.