மூன்றுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மெண்டல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம்தான். தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த கையோடு மறந்துபோன விகிதம். அந்த மூன்றுக்குள் ஓர் இரண்டு ஒளிந்திருக்கிறது. அதை வெளியே கொண்டுவந்ததுதான் மெண்டலின் பெரிய சாதனை என்பது என் கட்சி.

பட்டாணிப் பூவைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கீழே ஒட்டியிருக்கும் இரண்டு இதழ்கள் பத்து மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் உள்ளே பொத்தி வைத்திருக்கும். மொட்டு விரியும் முன்பே தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்து காரியம் முடிந்துவிடும். சும்மா விட்டால் பட்டாணி தன்னோடு தானே சேர்ந்துகொண்டிருக்கும். கலப்பு வேண்டுமானால் மகரந்தப் பை வெடிப்பதற்கு முன் மொட்டைத் திறந்து, பத்துத் தாள்களையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பூவுக்கு உறை கட்ட வேண்டும். பிர்னோ நகரத்து மடத்தின் தோட்டத்தில் 1856 முதல் எட்டு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார் கிரிகோர் மெண்டல் என்ற துறவி.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தார். பிறந்தவை எல்லாம் உருண்டை. பெற்றோரின் பண்புகள் பாலும் நீரும் போலக் கலந்துவிடும் என்று பலரும் நம்பிய காலம் அது. அப்படியானால் அரைச்சுருக்கம் அல்லவா வந்திருக்க வேண்டும்? வரவில்லை. அந்தக் கலப்பு விதைகளை விதைத்து, வளர்ந்த 253 செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது 7,324 விதைகள் கிடைத்தன. உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. தொலைந்ததாகத் தோன்றியது சிறிதும் குறையாமல் திரும்பி வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காய் தாய்ச்செடியின் உறுப்பு. உள்ளே இருக்கும் விதையோ அடுத்த தலைமுறை. அதனால்தான் ஒரே காய்க்குள் உருண்டையும் சுருங்கியதும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். விகிதமும் ஒவ்வொரு செடிக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. மெண்டலின் ஒரு செடியில் 43 உருண்டைக்கு 2 மட்டுமே சுருங்கியவை. இன்னொன்றில் 14க்கு 15. ஆயிரக்கணக்கில் எண்ணியவருக்குத்தான் மூன்றுக்கு ஒன்று கண்ணில் பட்டது.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த உருண்டை விதைகளை மறுபடி விதைத்தார். வளர்ந்த 565 செடிகளில் 193 உருண்டையை மட்டுமே தந்தன. மீதி 372 செடிகள் இரண்டையும் தந்தன. அதாவது உருண்டையில் மூன்றில் இரண்டு, சுருக்கத்தை உள்ளே சுமந்துகொண்டிருந்தவை. செடியின் தோற்றம் ஒன்று, அதன் இருப்பு வேறொன்று. இருப்பை அறிய அதன் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பண்புக்கும் செடியில் இரண்டு காரணிகள் உண்டு, இனப்பெருக்கத்துக்கான பாலணு உருவாகும்போது அவை பிரிந்து ஒன்று மட்டுமே போகும் என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. 1865இல் உரையாகப் படித்து, 1866இல் அச்சிட்டார். 1900 வரை உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு பண்புகள் ஒன்றையொன்று சாராமல் பிரியும் என்ற அவருடைய மற்றொரு விதி எல்லா இடத்திலும் செல்லாது. மெண்டல் சொன்ன காரணிகளைத்தான் இன்று மரபணுக்கள் என்கிறோம். அவற்றைத் தாங்கும் இழையான குரோமோசோம் ஒன்றில் நெருங்கியிருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே பயணிக்கும்.

உருண்டையைப் போலக் கலப்பில் வெளியே தெரியும் பண்புக்கு 'ஓங்கு பண்பு' என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டு, அது வலிமையானது, நல்லது என்று எண்ணிவிடுகிறோம். சுருக்கத்தின் காரணம் 1990இல் தெரியவந்தது. மாவுச்சத்துக்குக் கிளை உண்டாக்கும் நொதியின் மரபணுவில் ஏறத்தாழ 800 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு நுழைந்து அதைக் கெடுத்திருக்கிறது. மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை மிஞ்சுகிறது, சர்க்கரை நீரை இழுக்கிறது. விதை உப்பி, பிறகு காயும்போது தோல் சுருங்குகிறது. கெடாத பிரதி ஒன்று இருந்தாலும் விதை உருண்டையாக இருக்கப் போதுமான நொதி கிடைத்துவிடும். ஓங்குதல் என்பது இங்கே இவ்வளவுதான். அந்தக் கலப்பு விதையின் மாவுமணிகளை நுண்நோக்கியில் பார்த்தால் அவை இருவகைக்கும் இடைப்பட்டவை! அந்திமந்தாரையில் நுண்நோக்கியே வேண்டாம்: சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் இளஞ்சிவப்பு, அடுத்த தலைமுறையில் சிவப்பு ஒன்று, இளஞ்சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று. அங்கே அந்த இரண்டு ஒளிந்துகொள்வதே இல்லை.

வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை ஏன் அதேபோல் விளைவதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். விதைக்குள் ஏதோ சூது செய்திருக்கிறார்கள் என்ற பேச்சும் உண்டு. சூது தேவையே இல்லை. இரண்டு தூய வகைகளைக் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். அதன் விதையை விதைத்தால், ஒவ்வொரு மரபணுவிலும் அதே கலப்பு நிலை திரும்ப வருவதற்கு வாய்ப்பு பாதிதான். தனித்தனியே பிரியும் பத்து மரபணுக்களில் மட்டும் பெற்றோர் வேறுபட்டிருந்தால்கூட, பத்திலும் தாய்ச்செடியைப் போலவே அமைவது 1,024இல் ஒன்று. ஆகவே அந்தப் பயிருக்கு ஆண்டுதோறும் புதிதாகக் கலப்புச் செய்தாக வேண்டும். தண்டிலோ கிழங்கிலோ பெருகும் பயிராக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.