கண்ணைப் பார்க்காத பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

சிறப்புக் கல்வி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆட்டிசம் உள்ள எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சிரிக்கும் முகம் போட்ட அட்டையைக் காட்டி, "இந்த அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, "பல் தெரியுது" என்றான். தப்பு என்று குறித்துக்கொண்டேன். அதில் என்ன தப்பு என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

நம்மில் பலர் முகத்தை மொத்தமாக, ஒரே பார்வையில் வாங்கிக்கொள்கிறோம். அதிலும் கண்தான் முதலில். இந்தப் பிள்ளைகள் பலருக்கு முகம் பகுதி பகுதியாகத்தான் தெரிகிறது. 1978-இல் டிம் லாங்டெல் என்ற ஆய்வாளர், கூடப் படிக்கும் பிள்ளைகளின் புகைப்படங்களைப் பாதி மறைத்துக் காட்டினார். வாயும் தாடையும் மட்டும் தெரிந்தபோது, ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாக ஆளைக் கண்டுபிடித்தார்கள். ஆக, அவர்களும் முகம் பார்க்கிறார்கள். நாம் பார்க்கும் இடத்தில் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, கண்ணை ஏன் தவிர்க்கிறார்கள்? அக்கறை இல்லாததால் என்று நினைப்பது வழக்கம். மூளை ஸ்கேன் ஆய்வுகள் சில வேறு கதை சொல்கின்றன. கண்ணைப் பார்க்கும்போது, பதற்றத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி இவர்களில் சிலருக்கு அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அதே பையனை ஒருநாள், "என் கண்ணைப் பாரு" என்று வற்புறுத்தினேன். "பார்த்தா நீங்க சொல்றது கேக்காது மிஸ்" என்றான். அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன். இப்போதெல்லாம் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருகிறேன். முகத்தைச் சுளித்துக் காட்டுவதற்குப் பதிலாக, "மிஸ்ஸுக்குத் தலைவலி, உன்மேல கோபம் இல்ல" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை. முகபாவங்களைச் சரியாகச் சொல்பவர்களும் உண்டு. தன் உணர்ச்சிக்கே பெயர் வைக்கத் தடுமாறுபவர்களுக்குத்தான் பிறர் முகமும் அதிகம் குழப்புகிறது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள்.

அப்புறம், இது ஒருவழிப் பாதையும் இல்லை. தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற அறிஞர் 2012-இல் இதை எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. எனக்கு அது நன்றாகவே பொருந்தும். "முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை" என்று அந்தப் பையனைப் பற்றி மாதக்கணக்கில் எழுதிவைத்திருந்தேன். நோட்டைப் படித்த அவன் அம்மா சிரித்துவிட்டார். "அவன் விரலைப் பாருங்க மிஸ்" என்றார். மேசைக்குக் கீழே பத்து விரலும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தன.