வெங்கச்சாங்கல்லு

நேயர்களுக்கு வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் மானாவாரிக் காடு வெச்சிருக்கறவங்களுக்கு வெங்கச்சாங்கல்லு, அதாவது குவார்ட்ஸ்ங்கற வெள்ளைக்கல்லு, நல்லாத் தெரியும். உழவு ஓட்டுனா வெள்ளை வெள்ளையா மேல வந்துக்கும், மழை பேஞ்சு வெயிலடிச்சா கண்ணு கூசும், பொறக்கி வரப்போரம் வீசிட்டு அடுத்த சால் ஓட்டப் போயிருவோம்.

அதுலயே மனுசன் கைபட்ட கல்லு எப்படி இருக்கும்னு சொல்றனுங்க. கட்டைவிரல் நகம் அளவுதான், பிறையாட்டம் இருக்கும். நேரா இருக்கற பக்கம் பிளேடு மாதிரி, தடவுனா கையக் கிழிச்சுப்போடும். வளைஞ்ச பக்கத்த பொடிப்பொடியா செதுக்கி வேணும்னே மழுக்கியிருப்பாங்க, ஏன்னா அந்தப் பக்கத்தத்தான் குச்சியில சொருவி பிசின் வெச்சு ஒட்டோணும், கூரா விட்டா குச்சியவே பொளந்துபோடும். இப்படி ரெண்டு மூணு ஒட்டுனா அம்பு ரெடி, ஒண்ணு உடைஞ்சா அத மட்டும் பேத்துட்டு வேற வெச்சுக்கலாம். இரும்பே பாக்காத காலத்துல வந்த யோசனைங்க இது. எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கல.

இந்த மாதிரி குட்டிக் கல்லுக் கருவிய நுண்கருவின்னு படிச்சவங்க சொல்லுவாங்க. ஆந்திராவுல கர்னூல் பக்கம் ஜுவாலாபுரத்துல சுமார் 35,000 வருசம் பழசு கெடைச்சிருக்குது, தெக்க இலங்கையில ஃபாஹியன் குகையில சுமார் 48,000 வருசம், இதே வெங்கச்சாங்கல்லு சில்லோட எலும்புல செஞ்ச அம்பு முனையும் இருந்துச்சு, அத வெச்சுக் குரங்கையும் அணிலையும் அடிச்சுத் தின்னுருக்காங்க. தூத்துக்குடி தேரிக்காட்டுச் செம்மண்ல ரெண்டு பக்கமும் செதுக்குன குட்டி முனைக கெடைச்சிருக்குது. நம்மூர்ப் பழமைன்னா எல்லாரும் கொடுமணல்னு சொல்லுவோம், நொய்யல் கரையில இரும்பு உருக்குனதும் கல்மணி கோத்ததும் பெருமைதானுங்க, ஆனா அது 2,000 வருசத்துச் சங்கதி. அதுக்கும் ரொம்ப முந்தி திரிஞ்சவங்களுக்குப் பானை இல்ல, எழுத்து இல்ல, அவங்க பேச்சு பூராவும் இந்தக் கல்லுலதான் இருக்குது.

கல்லு மட்டும் இருந்தாப் பத்தாதுங்க, கெடந்த எடம் வேணும். அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல ஃபோல்சம்னு ஒரு ஊரு. 1908ல வெள்ளம் வந்து ஓடைக்கரை அறுத்துட்டுப் போச்சு, மாட்டுப் பண்ணை பார்த்துட்டிருந்த ஜார்ஜ் மெக்ஜன்கின்ங்கறவரு அங்க பெரிய பெரிய எலும்பா நீட்டிட்டு இருந்தத கவனிச்சாரு. பின்னால 1926ல தோண்டும்போது கல் ஈட்டிமுனை கெடைச்சுது, ஆனா மண்ணுல இருந்து உதிர்ந்து வந்ததால பெரிய ஆளுக யாரும் நம்பல. அடுத்த வருசம் ஒரு முனை காட்டெருமை விலா எலும்புக்கு நடுவுலயே தெரிஞ்சதும் தொடாம அப்படியே விட்டுட்டு, தந்தி குடுத்து எல்லாத்தையும் வரச்சொல்லிக் காட்டுனாங்க. அந்த எருமை இனம் எப்பவோ அழிஞ்சுபோனது. பனியுகத்துலயே அங்க மனுசன் இருந்தான்னு அதோட ஒத்துக்கிட்டாங்க.

என்கிட்ட ஒரு டப்பாவுல பதினேழு கல்லு இருக்குதுங்க. பள்ளிக்கூடம் படிக்கறப்போ எங்க அப்பாரு கூட ஆடு மேய்க்கப் போயி பொறக்குனது. எந்தக் காடு, எந்த ஓடைன்னு கேட்டா சொல்ல முடியல, அது மனசுல உறுத்திட்டேதான் இருக்குது.

அதனால, அந்த மாதிரி கல்லப் பாத்தா எடுக்காதீங்க. பக்கத்துல ஒரு ரூபாக் காசு வெச்சு போன்ல போட்டோ எடுங்க, சர்வே நம்பரக் குறிச்சுக்கங்க, சுத்தி ரெண்டடிக்கு உக்காந்து பாருங்க. பொடிச்சில்லு குமிஞ்சு கெடந்தா அங்கயே உக்காந்து செதுக்கியிருக்கலாமுங்க, அந்த எடத்துல பொக்லைன் விடாம தொல்லியல் துறைக்கோ, கோயமுத்தூரு, ஈரோடு, சேலத்துல இருக்கற அரசு அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லுங்க. ஐப்பசி மழை முடிஞ்ச கையோட பாத்தீங்கன்னா மண்ணு கரைஞ்சு கல்லு நல்லா வெளிய தெரியும். வணக்கமுங்க.