முதுகு மட்டுமே இருந்த படங்கள்

வணக்கம் மக்களே. மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது செம்பனைக் காடு, எண்ணெய்ப் பனைத் தோட்டம். என் பாட்டி காலத்தில் இங்கே ரப்பர் மரங்கள் இருந்தன.

போன மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எட்டு பேரைக் கூட்டினேன். எல்லோருக்கும் பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வயதுக்குள். "வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால், "அவர்களும் மனிதர்கள்தானே அக்கா" என்று நல்ல பதிலாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் கேட்கவில்லை. கைப்பேசியில் ஒரு வாரம் படம் எடுத்து வாருங்கள், "நம் ஊரில் அவர்கள்" என்பதுதான் தலைப்பு என்றேன்.

இதற்குப் போட்டோவாய்ஸ் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கிராமத்துப் பெண்களின் கையில் கேமராவைக் கொடுத்து, கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் வளர்த்தெடுத்த முறை. படம் எடுப்பது பாதி வேலைதான். எடுத்தவரே அதைப் பற்றிப் பேச வேண்டும். இதில் என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, ஏன் இப்படி இருக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார்கள்.

சரி, ஒரு வாரம் கழித்து கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம். முதுகு. எல்லாம் முதுகு. குலை வெட்டும் நீளக் கழியோடு நடந்து போகிறவரின் முதுகு, மளிகைக் கடையில் காசு எண்ணுகிறவரின் முதுகு, லாரியின் பின்னால் ஏறி உட்கார்ந்தவர்களின் முதுகு. ஒரு முகம்கூட இல்லை.

"ஏன் தம்பி?" என்றேன். ஒருவன் யோசித்துச் சொன்னான்: "கிட்டப் போய்க் கேட்கணும்னே தோணலை அக்கா."

அந்த ஒரு வரிக்காக இந்த வீடியோவையே போடலாம். எந்தக் கேள்வித்தாளிலும் இது வந்திருக்காது.

அப்புறம் பேச்சு "பங்ளா" என்ற சொல்லுக்குப் போனது. வங்காளதேசத்துக்காரர்களைச் சொல்கிற சொல் அது. நேப்பாளி, மியன்மார்க்காரர் என்று யாராக இருந்தாலும் நம் ஊரில் அதே சொல்தான். ஒரு தங்கச்சி மெதுவாகச் சொன்னாள், பள்ளியில் தன்னை ஒருவர் "பெண்டாத்தாங்" (மலாயில் வந்தேறி) என்று கூப்பிட்ட அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை என்று. மண்டபம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

அடுத்த நாள் அவள் ஒரு படம் அனுப்பினாள். பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தருவது. ஓரம் பிய்ந்து, பிளாஸ்டிக் மஞ்சளாகிப்போன அட்டை. இங்கேயே பிறந்து பால்மரம் வெட்டிய பாட்டிக்குக் கடைசிவரை குடியுரிமை இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று கண்டிப்பானபோது, தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறின. அந்தப் பாட்டியின் அண்ணனும் அப்படிப் போனவர்தானாம். இன்று செம்பனைக் காட்டில் நிற்கிறவரின் பெர்மிட்டும் ஒரே முதலாளியோடு கட்டிப்போடப்பட்டது. மனைவி, பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. இவர்கள் வந்து நம் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு பெர்மிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாம் வாரத்துக்கு ஒரே விதி: முதலில் பேச வேண்டும், பிறகு அனுமதி கேட்க வேண்டும். பெர்மிட் சிக்கலில் இருக்கிறவருக்கு ஒரு படம்கூட ஆபத்தாகலாம். அதனால்தான் இந்த வீடியோவில் யாருடைய முகத்தையும் நான் காட்டவில்லை. மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம்.

இந்தப் படத்தை மட்டும் பாருங்கள். லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் ஒன்பது ஜோடி காலணிகள். சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ் ஒரு பக்கம், சிலிப்பர் ஒரு பக்கம். சுவரில் ஒட்டிய காகிதத்தில் இன்று யார் சோறு வடிப்பது என்று வங்காள எழுத்தில் பெயர்கள். எடுத்தவன், "கிட்டப் போய்க் கேட்கணும்னே தோணலை" என்று சொன்ன அதே தம்பி. உள்ளே கூப்பிட்டுப் பருப்பும் சோறும் போட்டார்களாம். அந்த வீட்டிலேயே மூத்தவர் மலாயில் கேட்டாராம், "அடிக் (தம்பி), இப்போது நான் உன்னை எடுக்கட்டுமா?" இவனைத் தலை வாரச் சொல்லி, வாசலில் நிறுத்தி, தன் கைப்பேசியில் எடுத்து, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் படங்களை மாட்டுகிறோம். படத்துக்குக் கீழே எடுத்தவர்களே தமிழில் எழுதியிருக்கிறார்கள். காலணிப் படத்துக்கு வங்காளத்தில் எழுத அந்த அண்ணன் வருகிறேன் என்றிருக்கிறார். ஞாயிறும் அரைநாள் வேலையாம், மூன்று மணிக்கு மேல்தான் வர முடியும். அதனால் நான்கு மணிக்குத்தான் தொடங்குகிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள்.