கார்டை அப்புறம் கொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். முன்வரிசை யாருக்கும் ஒதுக்கியதில்லை. வியாபாரிகள் சங்கக் கூட்டம் என்றால் அது எப்போதும் காலியாகத்தான் கிடக்கும், அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்தவர்களை வரவேற்றுப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டுக்கொண்டார். "நோக்கம், வரலாறு, உறுப்பினர் கடமை, எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிடுங்கள்" என்றார். நோக்கமும் கடமையும் உங்கள் மடியில் இருக்கும் விதிமுறைப் புத்தகத்தில் அச்சாகியிருக்கின்றன. அச்சடித்தவன் நான்தான், அதனால் உறுதியாகச் சொல்ல முடியும். அதையே இங்கே வாசித்தால் நீங்கள் செல்போனை எடுத்துவிடுவீர்கள். அதற்குப் பதில், சேர்ந்த புதிதில் நான் பண்ணிய ஒரு தப்பைச் சொல்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு எண்பது விசிட்டிங் கார்டோடு வந்தேன். சொந்த அச்சகம் ஆயிற்றே, கஞ்சத்தனம் பார்க்கவில்லை. நல்ல கனமான அட்டை, மேலே மேட் லேமினேஷன், ஓரத்தில் தங்க ஃபாயில். வரிசை வரிசையாகப் போய்க் கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல ஒவ்வொருவர் கையிலும் வைத்தேன். எல்லோரும் வாங்கிப் பார்த்து, "அடேயப்பா, நன்றாக இருக்கிறதே" என்றார்கள். நானும் மனத்துக்குள் ஆர்டர் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

கூட்டம் முடிந்தபோது வெளியே நல்ல மழை. கிளம்ப முடியவில்லை. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் நாற்காலி அடுக்கப் போனேன். சேவை மனப்பான்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்போதுதான் பார்த்தேன், நாற்காலிகளின் மேல் என் கார்டுகள். ஒன்பது எண்ணினேன். தரையில் இரண்டு. ஒன்றை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்கால் அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். முட்டுக் கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அட்டைக்கு அதற்கு வேண்டிய கனம் இருந்தது.

என்னோடு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்போதைய பொருளாளர். ஹார்டுவேர் கடைக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் கார்டு பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நாளைக்கு என் கடைக்கு வருகிற யாரையாவது உங்களிடம் அனுப்ப வேண்டுமென்றால் எப்படிப்பட்ட ஆளை அனுப்பட்டும்?" என்று கேட்டார்.

"யாராக இருந்தாலும் அனுப்புங்கள் அண்ணே. எல்லா அச்சு வேலையும் செய்கிறோம்."

"அப்படிச் சொன்னால் எனக்கு ஒருத்தர் முகமும் ஞாபகத்துக்கு வராதே. மற்ற அச்சகத்துக்காரர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்புகிற வேலை எதையாவது நீங்கள் எடுப்பீர்களா?"

யோசித்துப் பார்த்தேன். சின்ன ஆர்டர். இருநூறு, முந்நூறு லேபிள் என்று வந்தால் பெரிய மெஷின்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது, அச்சுக்குத் தயாரிக்கிற பிளேட் செலவே லாபத்தை முழுங்கிவிடும். என்னிடம் அப்போதுதான் ஒரு சின்ன டிஜிட்டல் மெஷின் வந்திருந்தது. அதைச் சொன்னேன். "சரி, இது ஞாபகம் இருக்கும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. அவர் கடைக்குத் தராசு வாங்க வந்த ஒரு பெண்மணி வீட்டிலேயே சோப்பு செய்து விற்கத் தொடங்கியிருக்கிறார், இருநூறு லேபிள் போட்டுத்தர ஆள் கிடைக்காமல் அலைகிறார் என்று சொல்லி அனுப்பி வைத்தார். அந்த அம்மா இன்றைக்கும் என் வாடிக்கையாளர். இப்போது அவர் இருநூறில் நிறுத்துவதில்லை.

இந்த அறையில் இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களிடம் எதுவும் வாங்கப் போவதில்லை. அவர்களுக்கு உங்கள் சரக்கு தேவையே இருக்காது. ஆனால் இவர்கள் ஒவ்வொருவர் கல்லாவுக்கு முன்னாலும் தினம் நாற்பது ஐம்பது பேர் வந்து நின்று எதையாவது சொல்லிப் புலம்பிவிட்டுப் போகிறார்கள். அந்தப் புலம்பலில் உங்கள் தொழில் வந்தால் உங்கள் பெயர் இவர்கள் வாயில் வர வேண்டும். அதற்குக் கார்டு போதாது. யாருக்கு என்ன செய்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். அதைவிட நல்லது, உங்கள் இடத்துக்கு அவர்களைக் கூட்டிப் போய்க் காட்டுவது.

ரோட்டரி சங்கத்துக்கு அந்தப் பெயர் வந்த கதையே இதுதான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் தொழில்காரர், இந்த நாலு பேரும் கூடினார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கென்று கட்டடம் கிடையாது. இந்த முறை இவர் அலுவலகம், அடுத்த முறை அவர் இடம் என்று சுற்றிச் சுற்றி வந்து கூடியதால் ரோட்டரி, அதாவது சுழல்வது. அடுத்தவன் தொழிலை அவன் இருக்கும் இடத்திலேயே பார்த்தவனுக்கு விளக்கம் எதற்கு? நம் சங்கத்திலும் மாதம் ஒரு உறுப்பினர் இடத்துக்குப் போய்ப் பார்க்கிறோம். அந்தப் பட்டியலில் பெயர் கொடுங்கள்.

ஒருவர் ஆள் அனுப்பினால் அன்றைக்கே அந்த ஆளைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்ததா, படியவில்லையா, எதுவானாலும் அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். படியாவிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். அவர் தன் பெயரை அடகு வைத்துத்தானே உங்களை நம்பி அனுப்பினார்? அதேபோல, சங்க உறுப்பினர் என்பதற்காகக் கணக்கில்லாமல் கடனுக்குச் சரக்கு கொடுக்காதீர்கள். பில் போட்டே கொடுங்கள். நட்பு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

சந்தாவைப் பற்றிப் பேசினால் கூட்டத்தில் ஒரு இருமல் கிளம்பும், எனக்குத் தெரியும். ஆனால் இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. இந்தோனேசியாவில் சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டி வைத்தது. கப்பல் தலைவர்கள் உள்ளிட்டோர் கஸ்தூரியின் விலையைக் கணக்காக வைத்துப் பொன் கட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம் என்கிறது அது. கடல் தாண்டிப் போயும் சந்தா விடவில்லை பாருங்கள். நம் பொருளாளர் கல்லில் எல்லாம் வெட்ட மாட்டார், வாட்ஸ்அப்பில் நினைவூட்டுவதோடு சரி. ஆனால் ஏழாம் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்: சந்தா பாக்கி உள்ளவருக்குப் பொதுக்குழுவில் ஓட்டு கிடையாது. தேர்தல் அன்றைக்கு வாசலில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை. பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும்போது எழுந்து கேள்வி கேளுங்கள். நடுவில் சில வருடங்கள் நாங்கள் யாருமே கேட்கவில்லை, கையைத் தூக்கி நிறைவேற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் ரசீதே இல்லாத செலவு இரண்டு பக்கம் இருந்தது. திருட்டு என்று சொல்ல மாட்டேன், அலட்சியம். அதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆயிற்று.

இனி, நான் சிரிக்காமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே தொழில் செய்கிறவர்கள் இங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவீர்கள். அது நல்லதுதான். ஆனால் விலை பேசாதீர்கள். ஒரே தொழில்காரர்கள் கூடினால், அது வெறும் பொழுதுபோக்குக் கூட்டமானாலும், பேச்சு கடைசியில் விலையேற்றத்தில் போய் முடியும் என்று பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-லேயே எச்சரித்தார். இப்படிக் கூடிப் பேசிப் போட்டியை ஒழிப்பதைத் தடுக்க அமெரிக்காவில் 1890-இல் ஷெர்மன் சட்டம் வந்தது. இன்று பெரும்பாலான நாடுகளில் இதற்குச் சட்டம் இருக்கிறது. இந்த விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்பது, வாடிக்கையாளரைப் பங்கு போட்டுக்கொள்வது, இந்த டெண்டர் உனக்கு அடுத்தது எனக்கு என்பது, எல்லாமே இதில் அடங்கும். தீர்மானப் புத்தகத்தில் எழுதவில்லையே என்று தப்பிக்க முடியாது. வாசலில் நின்று பேசியதும் பேச்சுதான். அப்படிப் பேச்சு எழுந்தால் "இது வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் எழுந்து போய்விடுங்கள், போனதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிவிட்டுப் போங்கள். நாளைக்கு விசாரணை என்று வந்தால் சும்மா உட்கார்ந்திருந்தவனையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

சங்கமாகச் சேர்ந்து செய்ய வேண்டியது வேறு. கடை வாசலில் சாலையைத் தோண்டிப்போட்டு மூடாமல் விட்டால், நீங்கள் தனியாகக் கொடுக்கும் மனுவும் கட்டோடு கட்டாகப் போய்விடும். அறுபது கையெழுத்தோடு, தேதியும் படமும் வைத்து, நேரில் நாலு பேர் போய்க் கொடுக்கும் மனுவுக்கு ஒரு வரவு எண்ணாவது கிடைக்கும். 1599-இல் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் வணிகர்களுக்கென்று ஒரு மன்றம் அமைந்தது. இன்றுள்ள வர்த்தக சபைகளுக்கெல்லாம் மூத்ததாக அதைச் சொல்வார்கள். கடற்கொள்ளை மாதிரி, ஒற்றைக் கப்பல்காரன் சமாளிக்க முடியாத தொல்லைகள்தான் அவர்களை ஒன்று சேர்த்தன. நமக்குக் கொள்ளையர் இல்லை, குழிகள் உண்டு.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. காலை வணக்கப் படம் போடாதீர்கள். ஒரு உறுப்பினர்மேல் புகார் இருந்தால் அதையும் அங்கே போடாதீர்கள், சமரசக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாசல் பக்கத்து மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். அதில் எழுதியிருப்பதெல்லாம் சின்ன வேலைகள்: வருகைப் பதிவேடு பார்த்துக்கொள்ள ஒருவர், கூட்டக் குறிப்பு எழுத ஒருவர், புதிதாகக் கடை திறப்பவர்களைப் போய்ப் பார்க்க இரண்டு பேர். இந்த வருடம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பதவி வேண்டாம், முதல் வருடத்திலேயே துணைத் தலைவரானவர்கள் இரண்டாம் வருடம் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். பேனா நூலில் கட்டியிருக்கிறது. வியாபாரிகள் கூடும் இடமில்லையா, கட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

தாளில் கடைசி வரி நாற்காலி அடுக்குவது. இரண்டு பேர் வேண்டும். ஒரு இடத்தில் என் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.